ஹன்னா பெட்டிபர் கரையிறங்கினாள்

சங்குமுனையில் துறைமுகத்தை மூடி நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்ட பிறகு, மாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், மீன் ஏலம் பாதி நடந்துகொண்டிருந்த நேரத்தில், கயிற்றால் தைத்த பழங்காலத்துப் பலகைப் படகு ஒன்று துடுப்புப் போட ஆளில்லாமல் அலையேறி வந்து கரையில் தட்டி நின்றது. கணுக்கால் வரை தொங்கும் கம்பளிப் பாவாடையும் நாடா கட்டிய தொப்பியுமாக, நாலு மாதம் கப்பலில் வாந்தியெடுத்து வெளிறிப்போன முகத்தோடு, மரப்பெட்டி ஒன்றை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, இருபத்தேழு வயது வெள்ளைக்காரி ஒருத்தி அதிலிருந்து இறங்கினாள். அவள் இறங்கியதும் படகின் கயிறுகள் இற்றுப் பலகைகள் தனித்தனியாக விழுந்தன. ஏலக்காரர் ஏலத்தை நிறுத்தவில்லை, வஞ்சிரத்தின் விலையை இரண்டு தடவை சத்தமாகச் சொன்னார். பலகைகளை ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு போனவர்கள் போக மிச்சம் இருந்தவர்கள் அந்தப் பெண்ணைச் சுற்றி நின்றார்கள். அவள் திரும்பத் திரும்பச் சொன்னதில் "சாமுவேல்" என்ற ஒரு சொல் மட்டும் எல்லோருக்கும் புரிந்தது. வேதக்காரப் பெயர் என்பதால் அவளைக் கல்கோயிலுக்கு அழைத்துப் போனார்கள்.

கல்கோயில் ஆபீசில் உட்கார்ந்திருந்தவள் தபீத்தாள். ஐம்பத்தொரு வயது, கல்யாணம் ஆகவில்லை. மூக்குக்கண்ணாடியின் ஒரு கால் உடைந்து நூல் கட்டியிருக்கும். கோயிலின் ஞானஸ்நானப் பதிவேடு, திருமணப் பதிவேடு, அடக்கப் பதிவேடு எல்லாம் அவள் பொறுப்பு. துறைமுகத்தை மூடியபோது அந்த ஆபீசின் பழைய புத்தகங்களையும் கோயில் பீரோவுக்குள்தான் தள்ளியிருந்தார்கள், அவையும் அவள் பொறுப்பாகிவிட்டன. வெள்ளைக்காரியை வாசலில் பார்த்ததுமே தபீத்தாளுக்கு அவள் யார் என்று தெரிந்துவிட்டது. முதல்நாள் செய்த காரியம் ஞாபகத்துக்கு வந்தது.

விஷயம் இதுதான். ஆஸ்திரேலியாவிலிருந்து ஜில்லியன் பெட்டிபர் என்ற அம்மாள், வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள், ஆறு மாதமாகக் கோயிலுக்கு மின்னஞ்சல் எழுதிக்கொண்டிருந்தாள். அவள் குடும்பம் இங்கிலாந்தில் சஃபோக் என்ற கடலோரச் சீமையைச் சேர்ந்தது. சாமுவேல் பெட்டிபர் என்பவர் 1836-ல் சங்குமுனை உப்பளத்துக்குக் கண்காணியாக வந்தார். இரண்டு வருஷம் கழித்து அவர் மனைவி ஹன்னா இங்கிலாந்தில் கப்பலேறினாள். 1847-ல் அவர்களுக்கு எட்வர்ட் பிறந்தான். அந்த எட்வர்ட்தான் பிறகு ஆஸ்திரேலியாவுக்குக் குடியேறித் தங்கள் வம்சத்தைப் பெருக்கினான். எல்லாவற்றுக்கும் காகிதம் இருக்கிறது, ஹன்னா கரையிறங்கியதற்கு மட்டும் இல்லை, தயவுசெய்து தேடிப் பாருங்கள் என்று அந்த அம்மாள் கேட்டிருந்தாள். தபீத்தாள் தேடினாள். 1839-ஆம் வருஷத்து இறங்குபுத்தகத்தில் சென்னையிலிருந்து படகேறியவர்கள் பட்டியலில் ஹன்னாவின் பெயர் இருந்தது, இறங்கியவர்களுக்கு அடையாளம் போடும் கட்டத்தில் அவளுக்கு நேரே ஒன்றும் இல்லை. படகு வந்து சேரவில்லை என்று ஓரத்தில் சின்ன எழுத்தில் இருந்ததைத் தபீத்தாள் கவனிக்காமல், மங்கிப்போன பெயரை எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படித்து, கைப்பழக்கத்தில் காலிக் கட்டத்தில் பென்சிலால் ஒரு டிக் போட்டுவிட்டாள். அது திங்கட்கிழமை. செவ்வாய்க்கிழமை ஹன்னா வந்துவிட்டாள்.

"சாமுவேல் எங்கே?" என்று ஹன்னா ஆங்கிலத்தில் கேட்டாள்.

"இறந்துவிட்டார்மா," என்று தபீத்தாளும் ஆங்கிலத்தில் சொன்னாள். "ரொம்ப நாள் ஆச்சு."

"எனக்காகக் காத்திருந்தாரா?"

தபீத்தாள் அந்த முகத்தைப் பார்த்தாள். "காத்திருந்தார்," என்றாள். எழுந்து போய்க் காபி போட்டாள்.

ஊருக்கு ஹன்னாவை ஏற்றுக்கொள்வதில் சிரமம் இருக்கவில்லை, அவளை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்பதில்தான் சிரமம் இருந்தது. ஆயர் சத்தியநேசன் சபையில் சேர்க்க வேண்டுமென்றால் பழைய சபையிலிருந்து மாற்றுக் கடிதம் வேண்டும் என்று யோசித்தார். அவளை ஞானஸ்நானம் பண்ணிய போதகர் எந்தக் காலத்தில் செத்திருப்பார் என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, வேதபுஸ்தகத்தின் மேல் கைவைத்து அவளே சொன்னால் போதும் என்று முடிவெடுத்தார். கிராம நிர்வாக அலுவலர் படிவத்தை நிரப்பும்போது 'முந்தைய இருப்பிடம்' என்ற இடத்தில் கொஞ்ச நேரம் பேனாவை வைத்துக்கொண்டிருந்துவிட்டு, 'கடல்' என்று எழுதி முத்திரை குத்தினார். தபீத்தாள் தன் வீட்டுப் பின்னறையை அவளுக்கு ஒழித்துக் கொடுத்தாள். கம்பளிப் பாவாடையைத் துவைத்துக் காயப்போட்ட கொடி அறுந்து விழுந்தது. மறுநாளே ஹன்னா தபீத்தாளின் பழைய நூல்புடவையைக் கட்டிக்கொண்டு, இடுப்பில் நிற்காமல் வழுக்கும்போதெல்லாம் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

ஆனால் தபீத்தாள் டிக் போட்ட சேதி ஊருக்குள் பரவிவிட்டது. ஹன்னா வந்த மூன்றாம் நாள் கடற்கரைத் தெருப் பெண்கள் ஆபீஸ் வாசலில் வந்து வரிசையாக உட்கார்ந்தார்கள். புயலில் போனவர்கள், எஞ்சின் நின்று போனவர்கள், இன்னும் கரை சேராமல் இருக்கிறவர்கள், எல்லோருடைய பெயரும் அவர்களிடம் இருந்தது. வரிசையில் முதலாவதாகக் கருவாட்டுக் களம் வைத்திருக்கும் தைலம்மை இருந்தாள்.

"சிங்காரம்னு எழுதுங்க தபீத்தாம்மா," என்றாள் தைலம்மை. "ஒம்பது வருஷம் ஆச்சு. அந்த வெள்ளைக்காரப் பொண்ணுக்கு நூத்தியெம்பது வருஷம் ஆயிருக்கு. எம்புருசனுக்கு ஒம்பதுதானே."

"அந்தப் புத்தகம் அந்தக் காலத்து ஆளுகளுக்கு, தைலம்மை."

"பக்கம் காலியா இல்லையா?"

பக்கம் காலியாக இருந்தது. தபீத்தாள் சிங்காரத்தின் பெயரையும் அவனோடு மற்ற இருபத்திரண்டு பெயர்களையும் எழுதினாள், ஒவ்வொன்றையும் சத்தமாகப் படித்தாள், ஒவ்வொன்றுக்கும் நேரே டிக் போட்டாள், பென்சிலை அழுத்திப் போட்டாள். தைலம்மை பதினோரு நாள் கரையில் போய் உட்கார்ந்திருந்தாள். சோறு அங்கேயே போயிற்று. பன்னிரண்டாம் நாள் எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டு, நேராகத் தபீத்தாள் வீட்டுக்கு வந்தாள். ஹன்னா வாசலில் உட்கார்ந்து மத்தி மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். ஒரு மீனுக்கு ஒரே வீச்சு. வயிறு பிளந்து, குடல் வெளியே வந்து, முள் அப்படியே நின்றது. தைலம்மை கொஞ்ச நேரம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எங்க கத்துக்கிட்டா இவ?"

"அவங்க ஊர்ல ஹெர்ரிங்னு மத்தி மாதிரியே ஒரு மீனாம். எட்டு வயசுலேர்ந்து உப்புப் போடுற வேலைதானாம்," என்றாள் தபீத்தாள்.

"நாளைக்குக் களத்துக்கு அனுப்புங்க. நம்ம ஆளுகதான் வரல, வந்தவளையாவது பாத்துக்குவோம்."

அப்படித்தான் ஹன்னா கருவாட்டுக் களத்துக்குப் போனாள். மெல்லிய அலகுள்ள கத்தி ஒன்றைத் தன் மரப்பெட்டியிலேயே கொண்டுவந்திருந்தாள். ஆறு மாதத்தில் தமிழ் பேசினாள், தைலம்மையின் தமிழ். கோயிலில் ஆயரிடம் "இந்தா, அந்தப் பாட்டுப் பொஸ்தகத்த இப்படித் தள்ளு" என்று சொல்லிவிட்டு, ஏன் எல்லோரும் சிரிக்கிறார்கள் என்று பார்த்தாள். வெயிலில் மூக்கு உரிந்து உரிந்து கடைசியில் உரிவதை நிறுத்திக்கொண்டது. குழம்பில் புளி கம்மி என்று சொல்லும் அளவுக்கு அவள் நாக்கு தேறிய பிறகு, ஊர் அவளை வேடிக்கை பார்ப்பதையே விட்டுவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் மட்டும் அவள் ஆபீசில் வந்து உட்காருவாள். ஹன்னாவுக்குப் படிக்கத் தெரியாது. சாமுவேல் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது அவள் பெயரின் உருவம் ஒன்றுதான்: முன்னாலிருந்து பார்த்தாலும் பின்னாலிருந்து பார்த்தாலும் ஒன்றேபோல் இருக்கும், இரண்டு பக்கமும் H எழுத்து ஏணிபோல் நிற்கும். "அவரு என்ன பண்ணாரு, படிங்க," என்பாள். தபீத்தாள் பழைய பதிவேடுகளை எடுத்துப் படிப்பாள். 1840, சாமுவேல் பெட்டிபர் ஒரு கல்யாணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். 1841, கோயில் மணிக்குப் புதுக் கயிறு வாங்கிக் கொடுத்தார். 1842, காய்ச்சலில் கிடந்து பிழைத்ததற்காக ஸ்தோத்திரக் காணிக்கை படைத்தார். வாரத்துக்கு ஒரு வரிக்குமேல் தபீத்தாள் படிக்கவில்லை. ஏனென்றால் 1845-க்கு வந்தால் நிறுத்த வேண்டியிருக்கும்.

திருமணப் பதிவேட்டின் முன்பக்க அட்டவணையில் 1845-க்கு நேரே ஒரு வரி இருந்தது: சாமுவேல் பெட்டிபர், மனைவியை இழந்தவர், ஹன்னா, இந்நாட்டுப் பெண். அவ்வளவுதான். ஹன்னா வந்த வாரமே தபீத்தாள் அதைப் பார்த்துவிட்டாள். கடலில் போன மனைவிக்காக ஆறு வருஷம் பொறுத்திருந்த மனிதர், இந்த ஊர்ப் பெண் ஒருத்தியை ஞானஸ்நானம் கொடுத்துக் கட்டிக்கொண்டு, அவளுக்குச் செத்தவளின் பெயரையே வைத்திருக்கிறார். எட்வர்டைப் பெற்றவள் அவள். ஜில்லியன் அம்மாளின் வம்சம் அவளிடமிருந்து வந்தது. அந்தக் கல்யாணம் எழுதிய பக்கமோ எப்போதோ வந்த புயலில் நனைந்து அடுத்த பக்கத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஒட்டிக்கொண்டிருந்தது தபீத்தாளுக்கு வசதியாகவும் இருந்தது. ஆஸ்திரேலியாவுக்கு "ஹன்னா கரையிறங்கியிருக்கிறார்" என்று மட்டும் எழுதினாள். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஹன்னாவிடம் 1844-ஐப் படித்த அடுத்த வாரம் 1861-க்குத் தாவி, சாமுவேலின் அடக்கத்தைப் படித்துப் புத்தகத்தை மூடினாள். ஹன்னா, "நடுவுல பதினேழு வருசம் ஒண்ணுமே பண்ணலையா அவரு?" என்று கேட்டாள். "எழுதி வைக்கல," என்றாள் தபீத்தாள்.

கல்லறைத் தோட்டத்தில் வேலிக்காத்தான் முள் ஆள் உயரத்துக்கு மண்டியிருந்தது. பாம்பு இருக்கிறது என்று சொல்லித் தபீத்தாள் ஹன்னாவை அங்கே விடாமல் வைத்திருந்தாள். ஆனால் நவம்பரில் கல்லறைத் திருநாளுக்கு முன்னால் ஊராட்சி ஆட்கள் வந்து இயந்திரத்தால் முள்ளையெல்லாம் வாரிப் போட்டுவிட்டார்கள். ஹன்னா சுண்ணாம்பு வாளியோடு தன் புருஷன் கல்லறையைத் தேடிப் போனாள். மத்தியானம் வரை வரவில்லை. தபீத்தாள் போய்ப் பார்த்தபோது, ஒரு கல்லுக்கு முன்னால் மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். விரலால் இரண்டு ஏணிகளையும் தடவிக்கொண்டிருந்தாள்.

"எம்பேரு இதுல ஏன் இருக்கு?"

தபீத்தாள் பக்கத்தில் உட்கார்ந்தாள். முழங்கால் வலித்தது. கல்லில் சாமுவேலுக்குக் கீழே, 'இவர் மனைவி ஹன்னா, 1884' என்று ஆங்கிலத்தில் வெட்டியிருந்தது. இனி ஒளிக்க இடமில்லை. எல்லாவற்றையும் சொன்னாள்.

"அப்ப நான் வந்த வாரமே தெரியும் ஒங்களுக்கு," என்றாள் ஹன்னா.

"தெரியும்."

"ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம என்னைய உக்கார வச்சுப் படிச்சீங்களே, மணிக்கயிறு வாங்கினாரு, காச்சல்ல கிடந்தாருன்னு."

"தப்புதாம்மா."

ஹன்னா எழுந்து சுண்ணாம்பு வாளியை அப்படியே விட்டுவிட்டு நடந்தாள். அன்றைக்கே மரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு தைலம்மை வீட்டுக்குப் போய்விட்டாள். மூன்று நாள் களத்துக்கும் வரவில்லை. பின்னறையின் கொடியில் அவள் விட்டுப்போன ஈரத்துண்டு காய்ந்து விறைத்துப்போன பிறகும் தபீத்தாள் அதை எடுத்து மடிக்கவில்லை. நாலாம் நாள் போய்த் தைலம்மை வீட்டு வாசலில் நின்றாள். உள்ளேயிருந்து பேச்சு கேட்டது.

"எம்புருசன எடுத்தா, சரி, நான் செத்துட்டேன்னு நெனச்சாங்க. எம்பேரையும் ஏன் எடுத்துக்கிட்டா?" என்றாள் ஹன்னா.

"அவளா எடுத்தா? தலையில தண்ணி ஊத்தி வச்சுவிட்டிருக்கானுவ. யோசிச்சுப் பாரு," என்றாள் தைலம்மை. "அவளப் பெத்தவ அவளுக்கு ஒரு பேரு வச்சிருப்பால்ல. அந்தாளு கூப்புடும்போதெல்லாம் உன்னையக் கூப்புட்டிருக்கான். இவ ஏன்னு கேட்டிருக்கா. பதினாறு வருசம்."

தபீத்தாள் கூப்பிடாமல் திரும்பிவிட்டாள். அன்று ராத்திரி ஜில்லியன் அம்மாளுக்கு உண்மை முழுவதையும் எழுதி அனுப்பினாள்.

ஜில்லியன் அம்மாள் பதில் எழுதவில்லை, தை மாதத்தில் நேரிலேயே வந்து இறங்கினாள். அறுபத்தைந்து வயது, வெளுத்த கண், கையில் நீலக் கோப்பு. கோப்புக்குள் பெட்டிபர் வம்சம் 1612 வரைக்கும் கிளை கிளையாக இருந்தது. ஆபீஸ் மேசையில் அதை விரித்து, ஹன்னா என்ற பெயர் இருந்த இடத்தில் விரலை வைத்தாள்.

"பன்னிரண்டு வருஷமா நான் பள்ளிக்கூடங்கள்ல இவளைப் பத்திப் பேசறேன்," என்றாள். "தனியாக் கடல் தாண்டி வந்த எங்க குலத்தாய்னு. இப்ப இந்த இடத்துல யாரு? இந்நாட்டுப் பெண். அதுக்குப் பின்னாடி ஒண்ணுமே இல்லையே."

"ஒரு பக்கம் இருக்கு. ஒட்டியிருக்கு," என்றாள் தபீத்தாள். "பிரிச்சா கிழிஞ்சுடும்னு நான் தொடல." பிறகு, இதையும் மறைக்கக் கூடாதென்று, "கிழியும்னு மட்டும் இல்ல," என்று சேர்த்துக்கொண்டாள்.

பக்கத்துக்கு வெந்நீர் ஆவி காட்டிப் பார்த்தார்கள், ஸ்கேலை நுழைத்துப் பார்த்தார்கள். ஓரம் பொடிப்பொடியாக உதிர்ந்தது. சேதி களத்துக்குப் போயிற்று. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் ஹன்னா, இரண்டு மாதமாகப் படியேறாதவள், தைலம்மையோடு ஆபீசுக்குள் வந்தாள். தபீத்தாளைப் பார்க்கவில்லை. ஜில்லியன் அம்மாளை ஏற இறங்கப் பார்த்தாள். ஜில்லியன் அம்மாள் எழுந்து நின்றாள். யாரைப் பற்றிப் பள்ளிக்கூடங்களில் பேசினாளோ அவள், கையில் மீன் செதிலோடு, தன் மகள் வயதில், தனக்கு ஒரு உறவும் இல்லாமல் எதிரே நின்றாள்.

"எங்க, அத இப்படிக் காட்டுங்க," என்றாள் ஹன்னா.

புடவை முந்தானையில் கத்தியைத் துடைத்தாள். பதிவேட்டை மடியில் வைத்துக்கொண்டு, ஒட்டிய இரண்டு பக்கத்தின் நடுவே அலகைச் செருகினாள். மூச்சை அடக்கிக்கொண்டாள். மத்தி மீனின் தோலுக்கும் சதைக்கும் நடுவே போகிற அதே சாய்வில் கத்தி போயிற்று, ஒரு நூல் அளவு போய் நின்றது, மறுபடி போயிற்று. தைலம்மை மின்விசிறியை நிறுத்தினாள். அரைமணி நேரம் ஆயிற்று. ஒரு விரற்கடை கிழிந்தபோது ஹன்னா தன் ஊர்ப் பாஷையில் ஏதோ திட்டினாள். ஜில்லியன் அம்மாளுக்கு மட்டும் அது புரிந்து, காது சிவந்தது. பிறகு பக்கம் வாழைச்சருகு போலப் பிரிந்து திறந்தது.

சாமுவேலின் கையெழுத்து இருந்தது. போதகரின் கையெழுத்து இருந்தது. நடுவே, மணமகள் அடையாளம் என்று போதகர் எழுதிய இடத்தில், எழுதத் தெரியாதவர்கள் போடும் பெருக்கல்குறி இருக்க வேண்டிய இடத்தில், கோணல்மாணலாகக் கீறல்கள் இருந்தன. ஜில்லியன் அம்மாள் அவற்றைப் பேனா ஓட்டிப் பார்த்த கிறுக்கல் என்றே நினைத்தாள். தபீத்தாள் நூல்கட்டிய கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு குனிந்தாள்.

"இது தமிழ்," என்றாள். "அந்தக் காலத்துல புள்ளி வைக்க மாட்டாங்க. கா... த... தா... யி. காத்தாயி."

"எம்பெரிய நாத்தனா பேரு," என்றாள் தைலம்மை.

ஹன்னா கத்தியைக் கீழே வைத்தாள். "இவளே எழுதுனதா?"

"ஆமா."

"போதகரு பக்கத்துல நிக்கும்போதா? அவங்க இனி நீ ஹன்னான்னு சொன்ன பொறவா?"

"அதே நாள். அதே பேனா."

"எனக்கு எழுதத் தெரியாது," என்றாள் ஹன்னா. "இவளுக்குத் தெரிஞ்சிருக்கு." அந்த நாலு எழுத்தையும் தொடாமல், மேலே காற்றில் விரலை ஓட்டிப் பார்த்தாள். அவள் கண் நிறைந்து ஒரு சொட்டு விழப்போனபோது தபீத்தாள் பதிவேட்டைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள். ஹன்னா சிரித்துவிட்டாள். நவம்பருக்குப் பிறகு அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தது அப்போதுதான்.

சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. கடற்கரைத் தெருவில் காத்தாயி தங்கள் வீட்டுப் பெண்தான் என்றார்கள், உப்பளத்துக் குடியிருப்பில் தங்கள் பாட்டனாருக்குப் பாட்டனாரின் தங்கை என்றார்கள், மேலத்தெருவில் அந்தப் பெயர் தங்கள் குலதெய்வத்தின் பெயர், வேறு எங்கே பிறந்திருப்பாள் என்று கேட்டார்கள். நூற்று எண்பது வருஷமாக யாரும் தேடாத பெண்ணுக்கு ஒரே நாளில் மூன்று தெருவில் பிறந்தவீடு கிடைத்தது. மூன்று தெருவிலும் ஜில்லியன் அம்மாளை உட்காரவைத்துச் சோறு போட்டார்கள். அவள் மூன்றாவது இலையில் ரசம் வழிவதைத் தடுக்கத் தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தபோது, தைலம்மை அணைபோல் சோற்றைக் குவித்துக் கொடுத்து, "சாப்புடு ஆத்தா, ஒங்க ஊருதான்," என்றாள். அன்றிரவு ஜில்லியன் அம்மாள் நீலக் கோப்பில் ஹன்னாவின் பெயரை அடித்துவிட்டு, தபீத்தாள் எழுதிக் காட்டியதைப் பார்த்துப் பார்த்து, காத்தாயி என்று எழுதினாள். ஆறு தடவை எழுதியபின்தான் தாவன்னா சரியாக வந்தது. அடித்த ஹன்னாவையும் எடுத்துவிட மனம் வராமல், பக்கத்தில் கிளையோடு சேராத ஒரு சிறு கட்டம் போட்டு அவளை அதில் உட்காரவைத்தாள்.

ஜில்லியன் அம்மாள் ஊருக்குத் திரும்புகிற அன்று காலையில், கல் கொத்துகிற உத்திராபதி கல்லறைத் தோட்டத்துக்கு வந்தார். பழைய கல்லைத் தொட வேண்டாம், பக்கத்தில் காத்தாயி பெயரில் புதிதாக ஒரு கல் நடலாம் என்று ஹன்னாதான் சொல்லியிருந்தாள். கிரானைட் பலகையைச் சாய்த்து வைத்து, சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டு, உத்திராபதி வழக்கமாக எல்லோரிடமும் கேட்பதைக் கேட்டார்.

"பேரு சொல்லிட்டீங்க. அடியில யாரு வைக்கிறதுன்னு போடணும். இறந்தவங்க உங்களுக்கு என்ன வேணும்?"

ஜில்லியன் அம்மாள் தபீத்தாளைப் பார்த்தாள். தபீத்தாள் தைலம்மையைப் பார்த்தாள். தைலம்மை, "இவளுக்குச் சக்களத்தி," என்று ஹன்னாவைக் காட்டினாள்.

"சக்களத்தின்னு கல்லுல போட முடியாதும்மா," என்றார் உத்திராபதி. "மூத்தவங்களா, இளையவங்களா? அதுக்குத் தக்கன போடுறேன்."

எல்லோரும் கணக்குப் போட்டார்கள். முதலில் கட்டிக்கொண்டவள் ஹன்னா, அந்த வகையில் ஹன்னாதான் மூத்தாள். ஆனால் ஹன்னாவுக்கு இப்போது இருபத்தெட்டு வயது, மண்ணுக்குள் இருக்கிறவள் தலை நரைத்துச் செத்தவள். உத்திராபதி உளியை வைத்துக்கொண்டு காத்திருந்தார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஹன்னா முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு கல்லுக்குப் பக்கத்தில் குந்தினாள்.

"கட்டிக்கிட்டது நான் மொதல்ல. கூட இருந்தது ரெண்டு வருசம்," என்றாள். "அவருக்குக் காச்சல் வந்தா கஞ்சி வச்சது, அவரு தூக்கத்துல எம்பேரச் சொன்னா கேட்டுக்கிட்டுக் கிடந்தது, புள்ளையப் பெத்து அதையும் கப்பலேத்தி அனுப்பிட்டுக் கரையில நின்னது, எல்லாம் அவ. போடுங்க, அக்கான்னே போடுங்க."